நாலு சொட்டு எண்ணெய்

அன்றைக்கு மைசூர் கார் ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஃபோர்மேன் கரீம் பாய், ஃபிட்டர் மாதேசன், முதலாளி, காருக்குச் சொந்தக்காரரான குடகு எஸ்டேட்காரர் பெள்ளியப்பா, பிறகு நான். பெள்ளியப்பாவின் டிரைவர் வெளியே ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்கவில்லை. அவர் நிஜமாகவே தூங்கினாரா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாரா என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன்.

போன மாதம் என் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். அங்கே ஒரு பையன் கையில் புது மாதிரி ஸ்பேனர் வைத்திருந்தான். எவ்வளவு முடுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் அது பீப் என்று கத்துகிறது. கத்தியதும் அவன் கையை எடுத்துவிடுகிறான். நானும் மெக்கானிக்காக இருந்தவன் என்றதும், உங்கள் காலத்தில் எப்படி அளவு பார்த்தீர்கள் என்று கேட்டான். கைப்பழக்கம்தான் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். கரீம் பாய்க்கும் மாதேசனுக்கும் அது பொருந்தும். என் கையைப் பற்றி நான் அப்படிச் சொன்னது சரியில்லை. வீட்டுக்கு வந்தபின் அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மார்டள்ளி, கர்நாடகத்தில் தமிழர்கள் இருக்கிற மலையோரக் கிராமம். ஏழாவதோடு படிப்பு நின்றது. கொள்ளேகாலத்தில் ஒரு லாரிப் பட்டறையில் ஆறு வருஷம் இருந்தேன். கிரீஸ் அடித்தது, டயர் கழற்றியது, அடி வாங்கியது என்று அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. ஒருநாள் ஒரு லாரியின் பின்சக்கரத்தில் நட்டுகளைக் கையால் சுற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மலையிறக்கத்தில் சக்கரம் கழன்று கரும்புக் கொல்லைக்குள் ஓடியது. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளீனருக்கு முன்பல் இரண்டு போயிற்று. அவன் என்னைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினான், அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு எந்த நட்டையும் ஒருமுறையோடு முடுக்கிவிட்டு வந்ததில்லை. இரண்டு, மூன்று என்று போகும். அடுத்தவர் முடுக்கியதையும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். லாரிக்காரர்கள் இதை நல்ல குணம் என்றார்கள். சின்னப்பன் கை பட்ட நட்டு கழலாது என்று பேரே வந்தது. அந்தப் பேரோடுதான் மைசூர் மண்டி மொகல்லாவில் கார் ஷெட்டில் சேர்ந்தேன்.

ஷெட்டில் எல்லாமே கரீம் பாய்தான். முதலாளிக்கு பில் போடத் தெரியும், வண்டி தெரியாது. பாய் தினமும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளைச் சட்டை. வேலை முடித்துத் திரும்பும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும், எப்படி என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை. சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் துடைத்ததையே மறுபடி துடைப்பார். எங்களிடம் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். கேட்டதற்கு மட்டும்தான் பதில். கேட்காமல் ஒன்றைச் சொன்னார் என்றால் அது முக்கியமான விஷயம்.

மாதேசன் கௌதள்ளிக்காரன். என்னைவிட நாலு வயது சின்னவன், தொழிலில் என்னைவிடப் பெரியவன். கை முரட்டுக் கை, வாயும் அப்படியே. நான் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் என்பதை எப்படியோ தெரிந்துகொண்டான். தினம் காலையில் அதே கேள்விதான். "ஏண்ணா, இன்னிக்குப் பூட்டு எத்தன தரம்?" நான் முறைப்பேன். அந்த வருஷம்தான் பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரிலிருந்து கூட்டிவந்து வாடகைக்கு ஒரு ரூம் பிடித்திருந்தான். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். அவனுக்கு இந்த வேலை போனால் எல்லோரும் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தொண்ணூற்று நாலு, ஜூலை. பெள்ளியப்பாவின் கார் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேலே திறந்த, சிவப்பு சீமைக் கார். அவருடைய அப்பா வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து வாங்கியது. தரையோடு தரையாக இருக்கும், ரேஸுக்கு விடுகிற ஜாதி. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டுவார். அடியில் எண்ணெய் ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார்.

கரீம் பாய் எண்ணெய் ஒழுக்கைப் பார்க்கிற விதத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒழுகுகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறு. ஓடுகிற வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். அதனால் முதலில் இஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட வேண்டும். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பா ஒன்றை வாங்கிவரச் சொல்லி, இஞ்சினின் அடிப்பாகம் முழுக்கத் தூவுவார். சாமுண்டி மலையில் நந்தி வரை ஓட்டிவிட்டு வந்து, ஷெட்டில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்கிற குழிக்குமேல் நிறுத்துவார். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் எங்கிருந்து கோடு போட ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம்.

பவுடர் பூசிய இஞ்சினைப் பார்த்த மாதேசன், "பாய், பொண்ணு பாக்க எத்தன மணிக்கு வர்றாங்க?" என்றான். பாய் சிரிக்கவில்லை. டப்பாவில் மிச்சம் இருந்த பவுடரால் அவன் மூக்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

சம்ப்பில்தான் ஒழுக்கு. இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்குகிற தகரத் தொட்டிக்கு அந்தப் பெயர். அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில் கார்க்கில் வெட்டிய பேக்கிங் இருக்கும். பழையது காய்ந்து நொறுங்கிப் போயிருந்தது. அந்தக் காருக்குப் பேக்கிங் எங்கே கிடைக்கும்? பாய் கார்க் ஷீட்டைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டியே வெட்டினார். மாதேசன் மாட்டினான். மொத்தம் பதினெட்டு போல்ட். நடுவில் ஆரம்பித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்துக்குப் போக வேண்டும். ஸ்பேனரைக் கைமுழுக்கப் பிடிக்கக் கூடாது, இரண்டு விரலும் கட்டைவிரலும் போதும். கார்க் வெளியே நகக்கனம் பிதுங்கினால் நிறுத்திவிட வேண்டும். பாய் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் "சாக்கு" என்றார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். முரட்டுக் கை என்றேன், ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் மாதேசன் கை நின்றுவிடும்.

சாயங்காலம் காருக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுப் போனோம். ஷெட் சாவி என்னிடம் இருந்தது. காலையில் எட்டு மணிக்கு நான்தான் முதலில் திறப்பேன். திறந்ததும் குனிந்து பார்த்தேன். தாளில் நாலு சொட்டு.

பெள்ளியப்பா பதினோரு மணிக்கு வண்டி எடுக்க வருகிறார். குழிக்குள் இறங்கினேன். பதினெட்டு போல்ட்டையும் கால் சுற்று, கால் சுற்று என்று ஒரே அளவாக முடுக்கினேன். தாளில் நின்ற சொட்டுகளை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்தேன். நிம்மதியாக இருந்தது.

ஒன்பது மணிக்கு பாய் வந்து தாளைப் பார்த்தார். பென்சிலால் ஒவ்வொரு சொட்டையும் சுற்றி வட்டம் போட்டார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். இந்த மாதிரிப் பழைய சீமை இஞ்சினில் சுழலுகிற கிராங்க் தண்டின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, வெறும் திருகு மரைதான் வெட்டியிருக்கிறார்கள். ஓடும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே சுழற்றித் தள்ளிவிடும், நின்ற பிறகு கொஞ்சம் விடும். சம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "நாலு சொட்டு வண்டியோட சுபாவம். அதுக்கு மேல போனா நம்ம தப்பு." மாதேசன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். முடுக்கிவிட்டேன் பாய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று நினைத்தேன். லாரியில் ஒன்றும் கெட்டதில்லையே.

செப்டம்பரில் கார் திரும்பி வந்தது. இப்போது சொட்டு இல்லை, ஒழுக்கு. சம்ப்பைக் கழற்றினோம். கார்க் பல இடத்தில் பிளந்து கிடந்தது. பாய் இரும்பு ஸ்கேலைத் தொட்டியின் விளிம்பில் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எங்கள் இருவரையும் பார்க்கச் சொன்னார். ஸ்கேலுக்கு அடியில் அங்கங்கே வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகரம் குழி விழுந்திருந்தது. மெல்லிய தகரம். அளவுக்கு மேல் முடுக்கினால் ஓட்டைகளில் அமுங்கி, இடைப்பட்ட இடங்களில் வளைந்து தூக்கிக்கொள்ளும். கார்க்கும் நசுங்கிப் பிளந்துவிடும்.

பாய் கண்ணாடியைத் துடைத்தார். கை கனமாகிவிட்டது என்று மாதேசனிடம் சொன்னார்.

மாதேசன் மறுத்தான். நீங்கள் சாக்கு என்று சொன்ன இடத்தில்தானே நிறுத்தினேன் என்றான். பாய்க்கும் அது நினைவிருந்தது, அதனால் மேலே பேசவில்லை. ஆனால் முதலாளி விடவில்லை. இரண்டாவது தரம் இனாமாக வேலை, எண்ணெய், எஸ்டேட்காரர் முன்னால் அவமானம். அந்த வருஷ தசரா போனஸ் மாதேசனுக்குக் கிடையாது என்றார். இதே கார் இன்னொரு தரம் ஒழுகிக்கொண்டு வந்தால் வேலையும் கிடையாது என்றார்.

ஸ்கேலுக்கு அடியில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தொட்டிக்குப் பக்கத்தில், கையில் துணியோடு, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றிருந்தேன். சொல்லவில்லை. பயம். அப்போது எனக்கு என்ன பயம் என்று இன்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வேலை போய்விடும் என்பது ஒன்று. சின்னப்பன் கை பட்ட நட்டு என்ற பேர் போய்விடும் என்பதும் இருந்திருக்கும்.

தொட்டியின் விளிம்பை மரக்கட்டையில் வைத்துக் குழிகளைத் தட்டி நிமிர்த்தினார்கள். புது கார்க். மாதேசன் இந்தத் தடவை பாயின் வாயையே பார்த்துக்கொண்டு முடுக்கினான். எல்லாம் முடிந்தபின் அவனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு பாய் கொஞ்ச நேரம் தனியாகக் குழிக்குள் இருந்தார். என்ன செய்தார் என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. செய்தித்தாள். நாலு சொட்டு. நாலாவதற்குப் பக்கத்தில் ஒரு மங்கலான கறை. அது ஐந்தாவது சொட்டா, நாலாவது தெறித்ததா, அச்சு மையா என்று உட்கார்ந்து பார்த்தேன். இன்றுவரை தெரியவில்லை. அதற்கு மேல் போனால் நம்ம தப்பு என்று பாய் சொன்னது காதில் ஓடியது. மாதேசன் பயத்தில் இளகலாக விட்டிருப்பான், மறுபடி ஒழுகும், அவனை அனுப்பிவிடுவார்கள், அந்தச் சின்னப் பெண் படிப்பு நின்றுவிடும் என்று மனசு ஓடிக்கொண்டே போயிற்று. முடுக்கினால் என்ன ஆகும் என்று என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். பார்த்தும் இறங்கினேன். கொஞ்சம்தான், கால் சுற்றுக்கும் குறைவு, அவனுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே பதினெட்டையும் முடுக்கினேன்.

ஆயுத பூஜை அன்று மாதேசன்தான் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான், பூசணிக்காய் உடைத்தான். முதலாளி மற்றவர்களுக்கு போனஸ் கவர் கொடுத்தார். என் கவரில் ஆயிரத்து இருநூறு. மாதேசனுக்குப் பொரியும் ஸ்வீட் பாக்கெட்டும். அவன் பொரியைக் கொறித்துக்கொண்டே, "அண்ணா, அந்தக் கவரயும் நாலு தரம் எண்ணிப் பாத்துக்க" என்றான். நான் எண்ணவே இல்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் செலவாகிவிட்டது.

நவம்பரில் பெள்ளியப்பா மூன்றாம் முறையாக, அதே ஒழுக்கோடு வந்தார். முதலில் சொன்ன அந்த நாள் இதுதான். அவரும் கத்துகிறவர் அல்ல. அப்பாவின் கார், விற்கலாம் என்று இருக்கிறேன் என்று மட்டும் முதலாளியிடம் சொன்னார். முதலாளி நேராக மாதேசனிடம் போய், சாயங்காலம் கணக்கை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். மாதேசன் கைத்துணியை நாலாக மடித்து பெஞ்சில் வைத்தான்.

பாய் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு குழிக்குள் இறங்கினார். போல்ட் தலையிலிருந்து தொட்டி வரை, பின்பக்கமாக, செப்டம்பரில் தனியாகக் குழிக்குள் இருந்தபோது நீலமையில் மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. போல்ட்டை யாராவது அசைத்தால் கோடு உடையும். பதினெட்டுக் கோடும் உடைந்திருந்தது. முதலாளி மாதேசனை ஒரு பார்வை பார்த்தார். பாய் தலையசைத்து மறுத்தார். "எல்லாம் ஒரே அளவு திரும்பியிருக்கு. முரட்டுக் கைன்னா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். இது ரொம்ப அக்கறையான கை."

பழைய தொட்டி ஒன்றை பெஞ்சில் வைத்தார். கார்க் துண்டு ஒன்றை நடுவில் வைத்து, போல்ட் போட்டு, மாதேசனிடம் ஸ்பேனரைக் கொடுத்தார். அவன் முடுக்கினான். சாக்கு என்றதும் நின்றது. பிறகு வேறொரு போல்ட், ஸ்பேனர் என்னிடம். பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடுக்கினேன். கார்க் பிதுங்கியது.

"சாக்கு" என்றார்.

கேட்டது. நிறுத்தத்தான் நினைத்தேன். கை இன்னும் கொஞ்சம் போயிற்று. மறுபடி "சாக்கு" என்றார், மெதுவாக. அதற்குமேலும் போயிற்று. கார்க் பிளந்தது. சின்னச் சத்தம்தான், ஆனால் ஐந்து பேருக்கும் கேட்டது.

"நான்தான் பாய்," என்றேன். "ரெண்டு தரமும் நான்தான்."

மாதேசன் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது ஒன்றுதான். "போனஸு குடுத்தப்பவும் தெரியுமாண்ணா?" தெரியும் என்றேன். அவன் வெளியே போய்விட்டான்.

பெள்ளியப்பா, என் கார்மேல் எனக்கே இவ்வளவு அக்கறை இல்லையே என்று கன்னடத்தில் சொல்லி, களைப்பாகச் சிரித்தார். முதலாளி என்னைப் போகச் சொன்னார். பாய்தான் தடுத்தார். பொய் சொல்லும் ஆளாக இருந்தால் கை நின்றிருக்கும் என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா, தெரியவில்லை. மாதேசனைப் போகச் சொன்னதை முதலாளி வாபஸ் வாங்கினார், ஆனால் அவன் போனஸைத் திருப்பித் தர மனசில்லை. அந்த வருஷக் கணக்கு முடிந்துவிட்டது, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே போய்விட்டார்.

என்னுடைய அந்த ஸ்பேனரை பாய் வைஸ் இடுக்கியில் பிடித்து, கைப்பிடியைப் பாதியில் அறுத்தார். மிச்சம் மூன்று அங்குலம். அதை வைத்து எவ்வளவு முயன்றாலும் அதிகம் முடுக்க முடியாது. கார்க் வேலைக்கு இது மட்டும்தான் என்றார். பிறகு அந்தக் கார் வந்தது சர்வீஸுக்கு மட்டும்தான். தாளில் நாலு சொட்டு விழும், நான் பார்ப்பேன், கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். சொல்வதற்கு எளிது. ரிட்டயர் ஆகிற வரைக்கும் எந்த வண்டியிலும் அது எனக்குச் சுலபமாக வரவில்லை. வேலை செய்வதைவிட, செய்து முடித்ததைத் தொடாமல் விட்டுவிட்டு வருவதுதான் எனக்குக் கஷ்டம்.

போன போனஸுக்கு ஈடாக, ஆயிரத்து இருநூறு தீரும்வரை என்று மாதேசனுக்கு மாதம் நூறு ரூபாய் கொடுத்துவந்தேன். சம்பளத்தன்று நீட்டுவேன், வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான், எண்ண மாட்டான். பூட்டு எத்தனை தரம் என்று கேட்பதை விட்டுவிட்டான். பதினோரு மாதம் அப்படிப் போயிற்று. பன்னிரண்டாவது மாதம் அவனுக்கு ஓசூரில் நல்ல வேலை கிடைத்துக் கிளம்பினான். கடைசி நூறை நீட்டினேன். வாங்கவில்லை.

"வச்சுக்கண்ணா. எல்லாத்தயும் தீத்துட்டா அப்புறம் எத நெனச்சுக் கவலப்படுவ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மன்னித்துவிட்டானா, சரியான தண்டனையாகப் பார்த்துக் கொடுத்தானா என்று எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் அவன் மூத்த மகள் கல்யாணத்துக்குக் கௌதள்ளி போனபோது, மொய்க்கவரைத் தனியாகவும் அந்த நூறைத் தனியாகவும் கொண்டுபோனேன். மொய்யை வாங்கிக்கொண்டான். மற்றதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாச்சாண்ணா என்று கேட்டபடி அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

பாக்கி நூறு ரூபாய்.